வெண்கட்டி இல்லாத கரும்பலகை

அந்தக் கருவியின் விலைச் சீட்டில் மூன்று விலைகள் இருந்தன. முதல் இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார்கள். மூன்றாவது விலை என் மனைவியின் ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவு. கொழும்பில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மின்சாதனங்களை விற்கும் கடை அது. போர்நிறுத்தக் காலம் என்பதால் வீதியில் சோதனைச் சாவடிகள் குறைந்திருந்தன. கடைகளுக்குள் நின்று நிதானமாகப் பார்க்க முடிந்தது.

கருவி ஒரு தடித்த சிலேட்டைப் போல இருந்தது. தட்டெழுதும் விசைகள் கிடையாது. ஒரு கண்ணாடித் திரை, பக்கத்தில் சொருகி வைத்த ஒரு பிளாஸ்டிக் பேனை, அவ்வளவுதான். கடைக்காரர் அதன் குறைகளை ஒளிக்கவில்லை.

“செய்யிறத கம்பனி நிப்பாட்டிட்டாங்க சார். சேல்ஸ் ஆக்கள் கையில எடுத்துக்கிட்டு போய் சாமான் படம் காட்டுறதுக்குச் செஞ்சது. ஓடல்ல. உள்ளுக்க எல்லாம் ஜப்பான் எழுத்து. அதோட பெட்டரி செத்துப் போச்சு, புதுசு எங்கயும் இல்ல. ஆனா கார்ல சொருகுற வயர் இருக்கு, டீவில சொருகுற வயரும் இருக்கு. உண்மையச் சொல்லித்தான் விக்கிறேன். பொறகு வந்து சண்டை பிடிக்கக் கூடாது.”

என் மனைவி பேனையை எடுத்தாள்.

“தமிழ் இதுல வராது டீச்சர்” என்றார் அவர். அவள் ஆசிரியை என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

அவள் திரையில் ஒரு பெரிய ‘ழ’ எழுதினாள். அது அப்படியே நின்றது. கருவிக்குத் தமிழ் தெரியாது. அதற்கு அது ஒரு கோடு. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சரிதான். கையால எழுதினா அதுக்கு எந்தப் பாஷையும் ஒண்டுதான்.”

அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். வாயால் எதுவும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர் அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

குரல் கம்மியிருந்தது. பாடசாலையில் கத்திக் கத்திப் படிப்பிப்பதால் என்று நினைத்தோம். ஹட்டனில் ஒரு மருத்துவர் கொழும்புக்குப் போகச் சொன்னார். கொழும்பில் கட்டி என்றார்கள். கழுத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு துளை வைத்தார்கள். அதற்குப் பிறகு மூச்சு அதன் வழியாகத்தான். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஹட்டன், தலவாக்கலை, வட்டகொடைப் பக்கச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். சத்திரசிகிச்சை நடந்த அன்று நான் செய்தது நேரங்களைக் குறித்துக்கொண்டது மட்டும்தான். உள்ளே கொண்டுபோனது ஏழு நாற்பது. வெளியே கொண்டுவந்தது ஒன்று இருபது. அழவில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொள்ளவில்லை. அடுத்த நாள் ஒரு மண்சரிவைப் பற்றிச் சிறிய செய்தி ஒன்றைத் தொலைநகலில் அனுப்பினேன். அதில் பிழை எதுவும் இருக்கவில்லை. மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதினேன் என்று யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

முதலில் அவள் கொப்பிகளில் எழுதிப் பேசினாள். நாற்பது பக்கக் கொப்பிகள். ஒன்று முடிந்ததும் நான் மட்டையில் திகதி போட்டு அடுக்கி வைத்தேன். அது என் தொழிற்பழக்கம். யார் என்ன சொன்னார் என்பது கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் அவளுடைய தங்கை வீட்டுக் கலியாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் தகராறு வந்தது. போகவே வேண்டாம் என்று நீதான் சொன்னாய் என்றேன். இல்லையென்று தலையாட்டினாள். நான் மூன்றாவது கொப்பியை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அவள் கையெழுத்தையே அவளுக்குக் காட்டினேன்.

அவள் அதை வாசித்தாள். பிறகு அந்த அடுக்கை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். அந்தக் கிழமை முழுவதும் அதைக் கிழித்துத்தான் அடுப்பு பற்றவைத்தாள். மற்ற மனிதர்கள் சொன்னவை காற்றில் போய்விடுகின்றன, அவள் சொன்னவை மட்டும் சாட்சியாக நிற்கின்றன என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது நான் நினைத்ததெல்லாம் ஏழு கொப்பிகள் போய்விட்டன என்று மட்டும்தான். அதற்குப் பிறகு அவள் வீட்டில் சிலேட்டில் எழுதி, உடனே ஈரத்துணியால் துடைத்தாள்.

வீட்டுக்குச் சிலேட்டு போதும். வகுப்புக்குப் போதாது.

அவள் படிப்பித்தது வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில். தரம் மூன்று, முப்பத்தி நான்கு பிள்ளைகள். நாங்கள் இருந்தது பாடசாலைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை ஆசிரியர் விடுதியில். பேச முடியாத ஆசிரியை கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கிளினிக்கில் மருத்துவர் அதைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். வெண்கட்டித் தூள் மூக்கு வழியாகப் போனால் மூக்கு தடுக்கும், இவளுக்குத் தடுக்க ஒன்றும் இல்லை, நேரே நெஞ்சுக்குப் போகும் என்றார். வெண்கட்டியைத் தொடவே கூடாது.

பாடசாலை அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். பன்னிரண்டு வருடமாக மலையில் இருந்தும் அவர் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. அவர் ஹட்டனிலிருந்து ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனையும் வாங்கி வந்தார். அவள் மூடியைத் திறந்து இரண்டு சொல் எழுதினாள். அந்தப் பேனையின் நெடி துளைக்குள் போய், அரை மணித்தியாலம் இருமினாள். அதிபர் பேனையைப் பிடுங்கி வெளியே தேயிலைக்குள் எறிந்தார்.

“நான் சொல்லுறதைக் கேளுங்கோ மிஸ்” என்றார் அன்றைக்கு. “உங்கட லீவு முடிஞ்சு போச்சு. வலயக் கல்வி அலுவலகத்தில இருந்து ஆள் வந்து வகுப்பைப் பாக்கப்போகினம். எப்ப வருவினம் எண்டு தெரியாது, நான் ஏலுமானவரைக்கும் இழுத்தடிக்கிறன். வாறவர் ‘கற்பிக்க இயலாது’ எண்டு எழுதினால் அடுத்தது மெடிக்கல் போர்ட். அவை வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். பிறகு என்ர கையில ஒண்டும் இல்லை.”

அன்று வீட்டுக்கு வந்து அவள் சிலேட்டில் எழுதியதை நான் எந்தக் கொப்பியிலும் குறித்து வைக்கவில்லை. இருந்தும் நினைவிருக்கிறது. ‘வீட்டுல இருந்தா நான் சீக்காளி. ஸ்கூல்ல இருந்தா டீச்சர்.’ துடைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அந்த நிலையில்தான் அந்தக் கருவியை வாங்கினோம். கணக்கு எளிமையானது. அவள் கருவியில் எழுதினால் அது தொலைக்காட்சியில் தெரியும். தூள் இல்லை, நெடி இல்லை. எங்களிடம் பதினான்கு அங்குலக் கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. குறை ஒன்றுதான். தோட்டத்தில் மின்சாரம் தொழிற்சாலை வரைக்கும் வந்திருந்தது, பாடசாலைக்கும் கீழே தொழிலாளர்கள் இருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கும் வரவில்லை.

அதற்கும் லயத்தில் வழி இருந்தது. அந்தக் காலத்தில் கரண்டு இல்லாத லயங்களில் டீவி பார்த்தவர்கள் எல்லோரும் கார் பெட்டரியில்தான் பார்த்தார்கள். ரயில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் கொடுத்தால் ஒரு பகல் வைத்திருந்து சார்ஜ் ஏற்றித் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கில் கட்டிய பெட்டரிகளுடன் ஆட்கள் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். எங்களிடமும் ஒன்று இருந்தது. காருக்காகச் செய்த வயர் என்பதால் அந்த ஜப்பான் கருவி எங்கள் பெட்டரியில் முதல் தடவையிலேயே உயிர்பெற்றது. உலகத்தில் வேறு யாருக்கும் உதவாமல் போன ஒரு வயர், எங்கள் தோட்டத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது.

திரையில் இருந்த எழுத்துக்கள் யாருக்கும் விளங்கவில்லை. ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, என்ன நடக்கிறதென்று நான் அட்டவணை போட்டேன். பிள்ளைகளுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. அவர்கள் உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் அழிப்பது நண்டு. கோட்டைத் தடிப்பாக்குவது ஏணி. எப்போது அமுக்கினாலும் கருவியை உறையவைத்துவிடும் ஒன்று இருந்தது. அது பேய்வீடு.

முதல் நாள் நான் தொலைக்காட்சியை மேசைமேல் வைத்து வயர்களைச் சொருகினேன். வகுப்பு எழுந்து நின்றுவிட்டது.

“டீச்சர், படம் போடப் போறீங்களா?”

“டேய், படம் இல்லடா, கணக்கு.”

“டீவிலயுமா கணக்கு?”

அவள் பேனையால் ‘உட்காருங்கள்’ என்று எழுதினாள். அது தொலைக்காட்சியில் தெரிந்தது. முப்பத்தி நான்கு பேரும் ஒரே சத்தமாக அதை வாசித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பிறகு அவள் அழிக்கப் போய்த் தவறுதலாகப் பேய்வீட்டின் பக்கம் பேனையைக் கொண்டுபோனாள்.

“ஐயோ டீச்சர், அது இல்ல! நண்ட அமுக்குங்க! நண்ட அமுக்குங்க!”

அவள் சிரித்தாள். குரல் போன பிறகு அவள் சிரிப்பு சத்தமில்லாதது, தோள் மட்டும் குலுங்கும். நான் கதவடியில் நின்று அதைப் பார்த்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவை என்று மனதில் குறித்துக்கொண்டேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஹட்டனில் ஒரு கூட்டம் இருந்தது, பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டேன்.

அதிபர் கருவியைச் சுற்றி நடந்து பார்த்தார். “உது நல்ல யோசினைதான் தம்பி. ஆனால் என்ர படிவத்தில சோக்கு, கரும்பலகை, வரைபடம், பூகோள உருண்டை எண்டுதான் கட்டம் கட்டமாய் இருக்கு. உதை நான் எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுறது?” பிறகு படிவத்தின் அடியில் ‘வேறு’ என்று ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்குள் ‘இலத்திரனியல் எழுத்துப் பலகை’ என்று அழகான எழுத்தில் எழுதினார்.

அப்படி மூன்று மாதம் போனது. ஞாயிறுதோறும் நான் பெட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன், மாலையில் கொண்டுவந்தேன். அமிலம் பட்டு என் இரண்டு காற்சட்டைகளில் ஓட்டை விழுந்தது. கொடுத்த காசுக்கு அந்தக் கருவி நன்றாகவே உழைத்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹட்டனில் வேறு நிருபர்களிடமும் சொன்னேன். வகுப்பு நடக்கும் நேரத்தில் நான் பெரும்பாலும் வெளியில் இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அதிபர் விடுதிக்கு வந்து, நாளைக்கு வலயத்திலிருந்து ஆள் வருகிறார், இனி இழுக்க முடியாது என்றார். பிரச்சினை இல்லை, நேற்றுத்தான் பெட்டரி சார்ஜ் ஏற்றியது என்றேன். அவள் அடுத்த நாள் பாடத்தைக் கருவியில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வாய்ப்பாடு.

பொழுது சாய்கிற நேரத்தில் கீழ் லயத்திலிருந்து ஒருவர் ஏறி வந்தார். தொழிற்சாலையில் வேலை செய்பவர், எங்களுக்கு மரக்கறி கொண்டுவந்து தருபவர். வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“அண்ணே, மூணாவது லயத்துப் பெரியவரு தவறிட்டாருங்க. இப்பத்தான்.”

வேறெதுவும் அவர் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. அந்த லயங்களில் யாராவது இறந்தால், சார்ஜ் உள்ள பெட்டரி எந்த வீட்டில் இருந்தாலும் அது சாவு வீட்டுக்குப் போகும். விடியும்வரை அங்கே விளக்கு எரிய வேண்டும், தேவாரக் கெசட் பாட வேண்டும். கொடுக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. முடியாது என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து பெட்டரியிலிருந்து இரண்டு கிளிப்புகளையும் கழற்றினாள். கருவியின் திரை அணைந்தது. ஆறாம் வாய்ப்பாடு போய்விட்டது. அவரே பெட்டரியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

“நாளைக்கு ஏதோ இன்ஸ்பெக்சனாமே டீச்சர்? பிள்ளைங்க சொல்லுச்சு.”

அவள் பரவாயில்லை என்று கையைக் காட்டினாள்.

“விடிஞ்சதும் கொண்டாந்துர்றேன்.”

கொண்டுவருவார். ஆனால் அதில் எதுவும் மிச்சம் இருக்காது. அவர் இறங்கிப் போனதும் நான் அவளிடம் சொன்னேன். “ஆள் நாளைக்கு வர்றாங்க. ஒரு நாள் பொறுத்துக் குடுத்திருக்க முடியாதா? வேற பெட்டரி இல்லாமலா போயிருக்கும்?” அவள் அணைந்த திரையைச் சுட்டிக் காட்டினாள். பேசுவதற்கு அது இல்லை என்று அர்த்தம். சிலேட்டு அலுமாரிமேல்தான் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அத்தோடு பேச்சு முடிந்தது. பிறகு இருவரும் சாவு வீட்டுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வந்தோம்.

செவ்வாய் காலை பனி இறங்கியிருந்தது. பாடசாலை ஒரே நீண்ட மண்டபம், இடையில் தட்டிகள். வெண்கட்டித் தூள் வராதபடி அவள் வகுப்பை அதிபர் காற்று வரும் பக்கக் கோடியில் வைத்திருந்தார். நான் தொலைக்காட்சியையும் கருவியையும் மேசைமேல் அடுக்கி வைத்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது.

வந்த அதிகாரி ஐம்பது வயதுக்காரர், மலையகத்தவர். கம்பளிச் சட்டைக்குமேல் டை கட்டியிருந்தார். கையில் படிவம். அதிபர் அவரைக் கூட்டிவந்து, “உதுதான் அந்தப் பலகை” என்று கருவியைக் காட்டினார்.

“போட்டுக் காட்டுங்க, பாப்போம்.”

“இப்ப போட முடியாதுங்க சார்” என்றேன் நான். “பெட்டரி இல்ல.”

“ஏன், பழுதா?”

“இல்ல சார். சாவு வீட்டுக்குப் போயிருக்கு. மூணாவது லயத்துல.”

அவர் படிவத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “வயசாளியா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் பின்வாங்கில் போய் உட்கார்ந்தார்.

இனி அவள் வெண்கட்டியை எடுப்பாள் என்று நான் நினைத்தேன். எடுத்தால் தடுப்பதா விடுவதா என்று யோசித்தேன். எந்தப் பக்கமும் எனக்கு வேகம் வரவில்லை.

அவள் இரண்டு தடவை கையைத் தட்டினாள். வகுப்பு அடங்கியது. முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி, யாரும் சொல்லாமலே, மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினை இழுத்து வைத்தாள். அதில் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் ஒரு துண்டுத் துணி இருந்தது. என் மனைவி துணியைப் பிழிந்து விரலில் சுற்றி, சுவரில் இருந்த சிமெந்துக் கரும்பலகையில் எழுதினாள். நரைத்த பலகையில் ஈரம் பட்ட இடம் கன்னங்கரேலென்று தெரிந்தது. 6 × 7.

“நாப்பத்தி ரெண்டு!”

6 × 4.

“இருவத்தி நாலு!”

எழுதியது கொஞ்ச நேரத்தில் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியது. அது மறைவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்த விளையாட்டு. யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. அன்று பனி என்பதால் எழுத்து காய நேரமெடுத்தது. அதைப் பற்றி ஒருவன் புகார் சொன்னான். “இன்னைக்கு ரொம்ப ஈசி டீச்சர், காயவே மாட்டேங்குது.”

பதினொரு கணக்கு முடிந்ததும் அதிகாரி எழுந்தார். “இப்படித் தண்ணியில எழுதினா எப்படிப் பிள்ளைங்க கொப்பியில பாத்து எழுதுறது?”

பேசின் இழுத்த சிறுமி எழுந்து நின்றாள். “இது சொல்றதுக்கு சார். எழுதுறதுக்கு டீவி. வியாழக்கெழம, வெள்ளிக்கெழம பெட்டரி எறங்கிரும் சார், அப்ப தண்ணி. இன்னைக்கு செவ்வா, ஆனா பெட்டரி இல்ல, அதுனால தண்ணி.”

“யாரு சொல்லிக் குடுத்தா இப்படி எழுத?”

“டீச்சர்தான். சோக்கு அழிக்கிற ஈரத்துணியால ஒரு நாள் சும்மா கோடு போட்டாங்க. நல்லாத் தெரிஞ்சிச்சு.”

அதிகாரி படிவத்தில் ஏதோ எழுதினார். போகும்போது என் மனைவிக்குக் கைகூப்பினார். அதிபர் அவருடன் நடந்தார். நான் தொலைக்காட்சி வயர்களைச் சுருட்டினேன்.

மூன்று மாதம். ஒவ்வொரு கிழமையும் இரண்டு நாள். பெட்டரி புதன்கிழமையோடு இறங்கிவிடுகிறது என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். பெட்டரியைச் சுமந்தவன் நான். என்ன எடை, எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்றெல்லாம் எழுதி வைத்தவன். மிச்ச நாட்களில் எப்படி வகுப்பு நடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு செய்தியில் இப்படி ஓட்டை விட்டிருந்தால் பத்திரிகையின் ஆசிரிய பீடத்திலிருந்து தொலைபேசி வந்திருக்கும்.

பிள்ளைகள் இடைவேளைக்குப் போன பிறகு, “ஏன் எனக்குச் சொல்லல?” என்று கேட்டேன்.

அவள் பேசினில் விரலை நனைத்து மேசைப் பலகையில் எழுதினாள். ‘நீங்க கேக்கல.’

நான் அதை வாசித்து முடித்தேன். அது காய்ந்து போகும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அதிபர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே விடுதிக்கு வந்தார். அவரே வாசித்தார். இவ்வாசிரியை இலத்திரனியல் எழுத்துப் பலகையின் துணையுடன் தரம் மூன்று மாணவர்களுக்குத் திருப்திகரமாகக் கற்பிக்கிறார். மேற்படி கருவி உள்ளவரை அவர் இதே பாடசாலையில் தொடரலாம். வருடந்தோறும் பரிசீலிக்கப்படும்.

“அந்தப் பலகை அன்னைக்கு வேலையே செய்யலையே” என்றேன்.

அதிபர் கடிதத்தை மடித்தார். “நீர் பேப்பர்காரன் எண்டு சொல்லுறீர். தண்ணியை எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுவார் அந்த மனிசன்?”

பெட்டரி அப்போது எங்களிடம் இருந்தது, சார்ஜும் இருந்தது. அவள் கருவியில் எழுதினாள். ‘அப்ப இத ஒடைக்காம வச்சிருக்கணும்.’ நண்டை அமுக்கி அழித்துவிட்டு அதிபருக்குத் தேத்தண்ணி போட எழுந்தாள்.

செய்வதை நிறுத்திவிட்ட ஒரு பொருளை உடையாமல் வைத்திருப்பது தனி வேலை. உதிரிப் பாகம் கிடையாது. பிளாஸ்டிக் பேனையின் நுனி தேய்ந்ததும் மூங்கிலில் ஒன்று சீவினோம், எழுதியது. மழைக்காலத்தில் கருவியைத் துணியில் சுற்றி அடுப்படிப் பரணில் வைத்தோம். மூன்றாவது வருடம் ஒரு காலை திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் வந்தது. நுவரெலியாவில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இதுக்குச் சாமான் இனி உலகத்துலயே இல்ல சார் என்று திருகாணிகளைத் திரும்பப் பூட்டித் தந்தார். வேறு ஒன்று வாங்குவோமா என்று அவளைக் கேட்டேன். எதற்கு என்று கையை விரித்தாள். அதற்குள் அவளும் பிள்ளைகளும் கிழமையில் ஐந்து நாளும் தண்ணீரிலேயே சமாளித்தார்கள். பார்த்து எழுத வேண்டியவற்றை அவள் முதல் நாளே பெரிய தாள்களில் எழுதி வைத்துவிடுவாள்.

நான்காவது வருடப் பரிசீலனைக்கு வேறோர் அதிகாரி வந்தார், இளைஞர். அன்று காலை நான் பெட்டரியையும் தொலைக்காட்சியையும் செத்துப்போன கருவியையும் தூக்கிவந்து மேசைமேல் அடுக்கினேன். வயர்களையும் சொருகினேன். அவருக்கு அன்று இன்னும் மூன்று பாடசாலைகள் இருந்தன. வகுப்பை அரை மணித்தியாலம் பார்த்தார். பிள்ளைகள் தண்ணீர் காய்வதற்குள் கத்தினார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்து, என் பக்கம் திரும்பினார்.

“எலக்ரோனிக் பலகை இருக்குங்களா?”

“இருக்குங்க சார்” என்றேன். கருவியின்மேல் கையை வைத்தேன். அது குளிர்ந்திருந்தது.

அவர் கட்டத்துக்குள் ‘உண்டு’ என்று எழுதினார். நான் மூன்றையும் சாக்கில் போட்டுக் கட்டினேன். அவள் அடுத்த கணக்குக்காகத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.